டிமென்ஷியா பராமரிப்பில் மேற்படிப்பு: வேலையை விடாமல் படிக்கலாமா?

காரைக்குடிப் பக்கமிருந்து ஒரு செவிலியர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 38. பி.எஸ்சி. நர்சிங் முடித்து 14 ஆண்டுகளாகத் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். கணவருக்கு ஹார்டுவேர் கடை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். டியூட்டி முடிந்ததும் பக்கத்து ஊரில் பெரிய வீடொன்றில் இருக்கும் 81 வயது ஆச்சியைப் பார்த்துக்கொள்கிறார். ஆச்சிக்கு அல்சைமர் (டிமென்ஷியா எனும் மறதி நோயில் ஒரு வகை) என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் மதுரையில் சொல்லியிருக்கிறார்கள். மூத்த மகன் சிங்கப்பூரில், இளையவர் சென்னையில். பகலில் சமையல்கார அம்மா துணை.

அவர் எழுதியதில் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்: "சாயங்காலம் நாலரை ஆனால் ஆச்சி சாவிக்கொத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார். இரண்டாம் கட்டுக்கும் முகப்புக்கும் நடையாய் நடப்பார். 'வண்டி வந்திருச்சா, அப்பச்சி காத்துக்கிட்டு இருப்பாக' என்று தன் அப்பாவைச் சொல்வார். பட்டாலையில் (கூடத்தில்) ஆத்தங்குடித் தரைக் கல் பதித்த இடம் வந்தால் மட்டும் காலை வைக்காமல் அப்படியே நின்றுவிடுவார். சில நாள் பூப்போட்ட கல்லை எட்டித் தாண்டப் பார்ப்பார், எனக்குப் பயமாக இருக்கும். எங்கள் டாக்டரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. இதையெல்லாம் படித்தால் தெரியுமா?"

டிமென்ஷியா பராமரிப்பில் முதுநிலைப் படிப்பு படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பிரிட்டனில் இணையவழி எம்.எஸ்சி. இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறார். திருச்சியில் ஒரு ஏஜென்ட், மூன்றே மாதத்தில் "பி.ஜி. டிப்ளமோ" வாங்கித் தருவதாகச் சொல்கிறார். படித்துவிட்டால் தானே நோயைக் கண்டறிந்து மெமரி கிளினிக் (மறதி நோய்க்கான கிளினிக்) நடத்தலாமா, வெளிநாட்டு வேலை கிடைக்குமா என்று கேட்கிறார். ஆச்சியின் மூத்த மகன் பாதிக் கட்டணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று ஆண்டுகள் அம்மாவை விட்டுப் போகக் கூடாது என்பது நிபந்தனை. பூட்டிக் கிடக்கும் இன்னொரு பெரிய வீட்டில் முதியோர் பகல்நேர மையம் தொடங்கும் யோசனையும் இருக்கிறது. கணவரோ, "இந்த வயசுல எதுக்கு இந்தச் செலவு?" என்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "இரண்டு மாதம் முன்பு மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். காயம் ஒன்றும் இல்லை. இப்போது மூன்று வாரமாக அவருக்கும் மறதி, பகலெல்லாம் தூக்கம். டிமென்ஷியா ஆரம்பித்துவிட்டது போல. ஆகவே படிப்பு வீட்டுக்கும் பயன்படும்."

அந்தக் கடைசி வரிதான் முதலில்

சகோதரி, படிப்பைப் பற்றி அப்புறம் பேசுவோம். இந்த வாரமே மாமியாருக்குத் தலையில் ஒரு சி.டி. ஸ்கேன் எடுங்கள்.

வயதானவர்கள் விழும்போது மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவில் மெல்லிய ரத்தக் குழாய் கிழிந்து ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியலாம். விழுந்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரங்கள் கழித்துத்தான் மறதி, மந்தம், தள்ளாட்டம் எல்லாம் தலைகாட்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். தலையே தரையில் மோதியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் மண்டையில் சிறு துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றிச் சரிசெய்யக்கூடிய சங்கதி இது. தலைவலி, வாந்தி, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, எழுப்பினால் எழாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே 108-ஐ அழையுங்கள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் தைராய்டு, பி12, சோடியம், சர்க்கரை, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தார்களா என்பதையும் சேர்த்து. டிமென்ஷியா மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்ல நகரும் நோய். மூன்று வாரத்தில் ஒரு மனுஷி தலைகீழாக மாறினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். வார்டில் ஒரு நோயாளிக்கு இப்படி ஆகியிருந்தால் நீங்களே டாக்டரைக் கூப்பிட்டிருப்பீர்கள். சொந்த வீடு என்றால் நம் கண் கொஞ்சம் அசந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆச்சி ஏன் அந்தக் கல்லில் கால் வைப்பதில்லை

படித்தால் தெரியுமா என்று கேட்டீர்களே, தெரியும். டிமென்ஷியா படிப்புகளில் உண்மையிலேயே உருப்படியான பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

அல்சைமரில் நினைவு மட்டும் போவதில்லை. கண் பார்ப்பதை மூளை புரிந்துகொள்ளும் விதமும் மாறுகிறது. ஆழம், தூரம், நிற வேறுபாடு எல்லாம் குழம்பும். வெளிர் தரைக்கு நடுவே கருநிறக் கட்டம் வந்தால் அது பள்ளமாகத் தெரியலாம். பளபளப்பு, தண்ணீர் தேங்கியிருப்பது போலத் தெரியலாம். தரையில் இருக்கும் பூ, எடுக்க வேண்டிய பொருளாகவோ தாண்ட வேண்டிய தடையாகவோ தெரியலாம். ஆத்தங்குடிக் கல்லில் இந்த மூன்றும் இருக்கின்றன: அழுத்தமான நிறம், பூ வேலைப்பாடு, எண்ணெய் போட்டுத் துடைத்த மாதிரி ஒரு மினுமினுப்பு. ஆச்சி அடம் பிடிக்கவில்லை. பள்ளத்தில் விழாமல் இருக்கப் பார்க்கிறார்.

வெளிச்சத்தைக் கூட்டுங்கள். ஜன்னல் வெயில் கல்லில் பட்டுக் கூசினால் திரை போடுங்கள். நடமாடும் வழி முழுவதற்கும் ஒரே வெளிர் நிறத்தில், வேலைப்பாடு இல்லாத, வழுக்காத விரிப்பை ஓரம் தூக்காதபடி ஒட்டிப் போடலாம். நடுவில் துண்டாக ஒரு கருப்பு மிதியடி போட்டுவிடாதீர்கள், அது இன்னொரு பள்ளமாகிவிடும். கழிப்பறை பின்கட்டில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ராத்திரியில் ஆச்சி படுக்குமிடத்திலிருந்து அதுவரை விளக்கு எரியட்டும், கதவைத் திறந்தே வையுங்கள், ஒவ்வொரு நிலைப்படியின் விளிம்பிலும் தரையிலிருந்து தெளிவாக வேறுபடும் நிறத்தில் ஒரு பட்டை ஒட்டுங்கள்.

நாலரை மணி நடை டிமென்ஷியா உள்ள பலரிடம் காணும் மாலை நேரத் தவிப்பு. பகல் களைப்பு, குறையும் வெளிச்சம், பசி, சிறுநீர் முட்டுவது, மூட்டுவலி என்று பல காரணங்கள் சேர்ந்து வரும். நான்கு மணிக்கே விளக்கைப் போட்டு, காப்பியும் பலகாரமும் கொடுத்து, கழிப்பறைக்கு அழைத்துப் போய்வந்து, முற்றத்தில் கொஞ்சம் கூடவே நடந்து பாருங்கள். உபயோகத்தில் இல்லாத பழைய சாவிகளைக் கோத்து ஆச்சி கையில் ஒரு கொத்து கொடுங்கள். பெட்டகச் சாவியை இடுப்பில் செருகி வீட்டை ஆண்டவர் அவர், கை சும்மா இருக்காது. "அப்பச்சி செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் அது புதுச் சாவாகத்தான் விழும். அப்பச்சி எப்படி இருப்பார்கள், எந்த ஊரிலிருந்து வண்டி வரும் என்று கேளுங்கள். பேச்சில் தவிப்பு கரைவதைப் பார்ப்பீர்கள்.

ஆச்சிக்கு இரவில் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரை கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மாத்திரைகளால் மரணம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. சில நேரம் வேறு வழியில்லாமல் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குக் கொடுப்போம். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் எப்போது ஆரம்பித்தது, இன்னும் தேவையா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. அடுத்த முறை மதுரை போகும்போது மகனைக் கேட்கச் சொல்லுங்கள்.

பட்டம் எதைத் தரும், எதைத் தராது

இங்கேதான் உங்கள் கணக்கில் ஒரு பிசகு இருக்கிறது. டிமென்ஷியா எம்.எஸ்சி. என்பது அறிவுக்கான பட்டம், தொழில் உரிமம் கிடையாது. நீங்கள் எந்த நாட்டில் எதைப் படித்தாலும் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் இருக்கும் உங்கள் பதிவு செவிலியர் பதிவாகவேதான் இருக்கும். நோய் இன்னது என்று முடிவு சொல்வதும் மருந்து எழுதுவதும் மருத்துவர் வேலை. "மெமரி கிளினிக்" என்று போர்டு மாட்டினால் உள்ளே மருத்துவர் இருந்தாக வேண்டும்.

அதற்காகச் செய்ய ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. நினைவாற்றலைச் சோதிக்கும் ஏ.சி.இ.-3 போன்ற சோதனைகள் தமிழிலும் உண்டு. பயிற்சி எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவரின் கீழ் நீங்கள் அவற்றை நடத்தலாம். வீட்டைப் பார்த்து மாற்றங்கள் சொல்வது, பராமரிப்புத் திட்டம் எழுதுவது, குடும்பத்தாருக்கும் சமையல்கார அம்மாவுக்கும் பயிற்சி கொடுப்பது, விழுங்கச் சிரமப்படுகிறவருக்குச் சாப்பாடு கொடுக்கும் முறை, கடைசிக் கட்டப் பராமரிப்பு: இவையெல்லாம் முழுக்க உங்கள் எல்லைக்குள் வருபவை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பேருக்கும் மருந்து எழுத மருத்துவர் போதாத நிலை ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டுக்குள் வந்து வழிகாட்ட ஆள் இருக்கிறாரா? பிள்ளைகள் கடல் தாண்டிப் போய், ஒரு தெருவையே அடைத்து நிற்கும் வீட்டில் பெற்றவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கும் செட்டிநாட்டில் இந்தக் கேள்வி இன்னும் உறுத்தும்.

வெளிநாட்டு வேலை பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டிலிருந்தே படிக்கும் பிரிட்டன் படிப்புக்கு மாணவர் விசாவும் கிடையாது, படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை தேடும் விசாவும் கிடையாது. அங்கே நர்ஸாக வேலை பார்க்க அந்நாட்டு நர்சிங் கவுன்சிலின் கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு, ஆங்கிலத் தேர்வு ஆகியவை தனி. அவற்றுக்கு உங்கள் பி.எஸ்சி.யே போதும். பராமரிப்புப் பணியாளர் விசாவில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலையில் நிறுத்தியும்விட்டது. ஆகவே வெளிநாடுதான் நோக்கம் என்றால் இந்தப் படிப்பு உங்களுக்குச் சுற்று வழி.

உள்ளூர் வழிகள்

முதியோர் மருத்துவத்தில் எம்.டி. உண்டு, இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதியோர் மருத்துவ முதுநிலை டிப்ளமோவும் உண்டு. இரண்டும் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு. உங்களுக்குத் திறந்திருப்பவை இரண்டு. ஒன்று, மனநலச் செவிலியத்தில் எம்.எஸ்சி. நர்சிங், இரண்டு ஆண்டு, முழுநேரம். நாளைக்கு நர்சிங் கல்லூரியில் விரிவுரையாளராகும் எண்ணம் இருந்தால் இதுதான் செல்லும். வெளிநாட்டு டிமென்ஷியா பட்டம் அங்கே செல்லாது. இன்னொன்று, செவிலியர்களுக்கான ஓராண்டு சிறப்பு டிப்ளமோக்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் பல பத்தாண்டுகளாக மனநலச் செவிலியத்தில் இப்படி ஒன்றை நடத்திவருகிறது. இரண்டிலும் சிக்கல் ஒன்றே: வேலையை விட வேண்டும், பெங்களூரு என்றால் பிள்ளைகளையும் விட்டுப் போக வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

தொலைநிலையில் இந்தியப் பட்டம் கிடைக்குமா என்றால், நர்சிங் படிப்பைத் தொலைநிலையில் நடத்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் இடம் கொடுப்பதில்லை. உளவியல், ஊட்டச்சத்து போன்ற சுகாதாரம் சார்ந்த படிப்புகளையும் 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இனி யாராவது "வீட்டிலிருந்தே டிமென்ஷியா எம்.எஸ்சி., இந்தியப் பல்கலைக்கழகம்" என்று விளம்பரம் செய்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

திருச்சி ஏஜென்ட் விஷயம் இதைவிட எளிது. பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும் மட்டும்தான். "டிப்ளமோ" என்று அச்சடித்துக் கொடுக்க ஒரு பிரிண்டர் இருந்தால் போதும். எந்தப் பல்கலைக்கழகம், யார் அங்கீகாரம், பாடத்திட்டம் எங்கே, செய்முறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில் என்று நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வராது, போன்தான் வரும். பணம் கட்டிவிடாதீர்கள்.

வெளிநாட்டு இணையவழிப் படிப்பு: கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா ஆகிய பல்கலைக்கழகங்கள் இந்தத் துறையில் பெயர் பெற்றவை. வேலை பார்ப்பவர்களுக்கான தொலைவழிப் படிப்புகளை நடத்தி வந்திருக்கின்றன. நான் மேலே சொன்ன தரை, வெளிச்சம், நிற வேறுபாடு பற்றிய வேலைக்கு ஸ்டர்லிங் பிரசித்தம். பிராட்ஃபோர்டில்தான் டாம் கிட்வுட் என்ற உளவியலாளர், நோயைப் பார்க்காதே, நோய்க்குள் இருக்கும் ஆளைப் பார் என்ற பராமரிப்பு முறையை வளர்த்தார். இந்த ஆண்டு எந்தப் படிப்புக்குச் சேர்க்கை நடக்கிறது, கட்டணம் என்ன என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் பாருங்கள். வெளிநாட்டு மாணவர் கட்டணம் உள்ளூர்க்காரர் கட்டணத்தைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும்.

பிரிட்டன் முறையில் முதுநிலைச் சான்றிதழுக்கு 60 கிரெடிட், டிப்ளமோவுக்கு 120, எம்.எஸ்சி.க்கு 180. ஒரு கிரெடிட் என்றால் சுமார் 10 மணி நேர உழைப்பு. 20 கிரெடிட் பாடம் ஒன்றை 14 வாரத்தில் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 14 மணி நேரத்துக்கு மேல் போகும். மாதத்தில் ஒரு வாரம் நைட் டியூட்டி, மாலையில் ஆச்சி வீடு, பிறகு பிள்ளைகளின் வீட்டுப்பாடம். அந்த 14 மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மட்டும் எடுக்க முடியாது. இதற்குப் பதில் இல்லாமல் சேர்ந்தவர்கள் இரண்டாவது கட்டுரையில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் அறிவுக் குறைவெல்லாம் இல்லை, தூக்கம்தான் குறை.

நல்ல விஷயம், இதில் பெரும்பாலும் பாதியில் இறங்கும் படிகள் உண்டு. 60 கிரெடிட் முடித்து முதுநிலைச் சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளலாம். முழு எம்.எஸ்சி.க்கும் முன்பணம் கட்டச் சொல்லும் இடம் வேண்டாம், பாடத்துக்குப் பாடம் கட்டணம் வாங்கும் இடம் பாருங்கள். எம்.எஸ்சி.யின் கடைசி 60 கிரெடிட்டைப் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரை எடுத்துக்கொள்ளும். கட்டிலோரத்தில் உங்களுக்கு வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும்.

இந்தியாவில் அரசு வேலைக்கோ பதவி உயர்வுக்கோ வெளிநாட்டு இணையவழிப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று வாங்குவது கடினம். அந்த நம்பிக்கையில் பணம் போட வேண்டாம். உங்கள் மருத்துவமனையில் சம்பளம் கூடுமா என்பதையும் நிர்வாகத்திடம் இப்போதே கேளுங்கள். கூடாது என்று சொன்னாலும் படிக்கலாம், தெரிந்தே படிக்கலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பணம் கட்டாத பாதையில் முதலில் நடந்து பார்ப்பேன். டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தின் விக்கிங் மையம் டிமென்ஷியாவைப் புரிந்துகொள்வது பற்றி ஒன்றும், தடுப்பது பற்றி ஒன்றும் என இலவச இணையவழிப் படிப்புகளை நடத்துகிறது. சில வாரங்களில் முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசப்போர்ட், குடும்பப் பராமரிப்பாளர்களுக்கான பயிற்சி. ஆச்சி வீட்டுக்கும் உதவும். இவற்றை முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்: வாரத்தில் எத்தனை மணி நேரம் உட்கார முடிகிறது, ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் எழுத வருகிறதா, ஆர்வம் மூன்றாவது வாரத்திலும் இருக்கிறதா என்று. கூடவே இந்தியப் பாலியேட்டிவ் கேர் சங்கத்தின் அடிப்படைச் சான்றிதழையும் பாருங்கள். டிமென்ஷியாவின் கடைசிக் கட்டம் முழுக்க வலித் தணிப்புப் பராமரிப்புதான். அதைத் தெரியாமல் இந்தத் துறையில் பாதி தூரம்கூடப் போக முடியாது. லீவு கிடைத்தால் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் டிமென்ஷியா பிரிவு மாதிரி ஓரிடத்தில் அனுமதி கேட்டு ஒரு வாரம் கூட இருந்து பாருங்கள். மூன்று மாதப் புத்தகப் படிப்பைவிட அது மேல்.

மூத்த மகன் தரும் பணம்

நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் எனக்கு இதில் தயக்கம் இருக்கிறது. ஆச்சிக்கு 81 வயது. மூன்று ஆண்டுக்குள் அவர் காலமாகிவிட்டால், இளைய மகன் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போய்விட்டால், உங்களுக்கே உடம்பு முடியாமல் போனால், மிச்சப் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? இதைப் பேசாமல் கைநீட்டினால் பிறகு மனஸ்தாபம்தான் மிஞ்சும். ஊர்ப்பக்கத்தில் உறவு மாதிரி பழகிவிட்டால் கணக்குப் பேசக் கூச்சம் வரும், அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

வாங்குவதானால் முழுப் படிப்புக்கு வேண்டாம், முதல் பாடத்துக்கு மட்டும். நிபந்தனை ஓராண்டுக்கு மேல் வேண்டாம். என்ன வேலை, வாரத்தில் எத்தனை மணி நேரம், மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தச் சூழ்நிலையில் பணம் திருப்பித் தர வேண்டியதில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். விருப்பமில்லாத ஒருவரைத் தொடர்ந்து வேலை பார்க்கச் சொல்லி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. சண்டை வந்தால் பணத்தைச் சுற்றித்தான் வரும். மகன் தன் பெயரிலேயே கையெழுத்துப் போடட்டும். ஆச்சி கொடுத்த பவர் பத்திரத்தை வைத்து ஆச்சி சார்பில் போட வேண்டாம். பவர் கொடுத்தவர் சுயமாக முடிவெடுக்கும் நிலையை இழந்துவிட்டால் நம் ஒப்பந்தச் சட்டப்படி அந்தப் பவர் செல்லாது. பல குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை. இன்னொன்று, வெளியில் வேலை பார்க்கலாமா என்று உங்கள் மருத்துவமனையின் நியமன உத்தரவையும் எடுத்துப் படியுங்கள்.

படிப்பில் நோயாளி பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். ஆச்சியைப் பற்றி எழுத ஆசை வரும். பெயரும் ஊரும் இல்லாமல், மகன்களின் எழுத்துபூர்வச் சம்மதத்தோடு, ஆச்சிக்குப் புரிகிற அளவில் அவரிடமும் கேட்டுவிட்டு எழுதுங்கள். போட்டோ வேண்டாம். ஆய்வுக் கட்டுரை என்றால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி தனியாக வேண்டும். கட்டணத்தைக் கொடுப்பவரின் அம்மாவையே ஆய்வுக்கு எடுத்தால் சம்மதம் சுதந்திரமாகக் கிடைத்ததா என்று அங்கேயே கேட்பார்கள்.

பூட்டிய வீட்டில் பகல்நேர மையம்

யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, அவசரம்தான் பிடிக்கவில்லை. அந்த வீட்டில் எத்தனை பங்காளிகள்? வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஒவ்வொரு அறையும் ஒவ்வொருவர் பங்காக இருக்கும். ஒருவர் மலேசியாவில், ஒருவர் அமெரிக்காவில். சாவி வைத்திருப்பவர் சரியென்றால் போதாது, எல்லாப் பங்குதாரரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று வீட்டைத் திறக்கும் நாட்களில் உங்கள் முதியவர்கள் எங்கே போவார்கள் என்பதையும் யோசியுங்கள்.

காலையில் வந்து மாலையில் போகும் மையம் வேறு, தங்கவைக்கும் இல்லம் வேறு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நினைவாற்றல் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. தங்கவைத்துப் பராமரித்தால் அந்தச் சட்டப்படியும், முதியோர் இல்ல விதிகளின்படியும் பதிவு தேவைப்படும். சிவகங்கை மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும், அரசு மருத்துவக் கல்லூரியில் மாவட்ட மனநலத் திட்டத்தைப் பார்க்கும் மருத்துவரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். அந்த மருத்துவர் பழக்கமானால் வேறு விதத்திலும் உதவுவார்.

என்னைக் கேட்டால் கட்டடமே வேண்டாம், மாதத்தில் ஒரு சனிக்கிழமை பராமரிப்பாளர் கூட்டம் என்று ஆரம்பியுங்கள். கோயில் மண்டபம் போதும். மறதி நோய் உள்ளவர் வீட்டுக்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து பேசினாலே உங்கள் ஊருக்கு என்ன தேவை என்று தெரிந்துவிடும். எவ்வளவு பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதும் தெரியும். மையம் ஓடுமா ஓடாதா என்பதை அதுதான் சொல்லும்.

கணவரிடம்

அவர் கேட்டது தவறான கேள்வி இல்லை. கடைக்காரர், முதல் போட்டால் என்ன திரும்பும் என்று கேட்கிறார். "எனக்கு ஆர்வம்" என்பது அவருக்குப் பதிலாகாது. இலவசப் படிப்பை முடித்த பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்: 60 கிரெடிட்டுக்கு ஆகும் பணம், ஆகும் மாதங்கள், அந்த மாதங்களில் வீட்டில் எந்த வேலையை அவர் எடுத்துக்கொள்ள வேண்டும், முடித்த பிறகு வீடு தேடிப்போய் ஆலோசனை சொல்வதற்கு மாதம் எத்தனை குடும்பங்கள் கிடைக்கலாம். 38 வயது இதற்குத் தாமதம் இல்லை. இந்தப் படிப்புகளே நடுவயதில் வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்து அமைத்தவை. 14 ஆண்டு வார்டு அனுபவம் உள்ள உங்களுக்கு அங்கே சொல்லவும் நிறைய இருக்கும்.

விண்ணப்பிக்கும் கட்டம் வந்தால் பி.எஸ்சி. மதிப்பெண் பட்டியல், கவுன்சில் பதிவுச் சான்று, மருத்துவமனையின் அனுபவச் சான்று மூன்றும் தேவைப்படும். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் கேட்கலாம். அது வழக்கமாக இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால் அதை மட்டும் இப்போதே எழுதிவிட வேண்டாம். அனுபவச் சான்றுக்கு இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். தனியார் மருத்துவமனைகளில் அது கைக்கு வர எவ்வளவு நாளாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.